முதலில் எந்தக் கை?

வலது கைக் கட்டைவிரல் துடிக்கத் தொடங்குகிறது. ஆள் விழிப்போடுதான் இருக்கிறார், தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டும் இருக்கிறார். இடது கையால் அதைப் பிடித்து அழுத்துகிறார், நிற்கவில்லை. ஆள்காட்டி விரல் சேர்ந்துகொள்கிறது. பிறகு மற்ற விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள். வாயின் வலது ஓரம் இழுக்கிறது. கடைசியில் வலது கால். சில நாள் துடிப்பு தோளோடு நின்றுவிடும். சில நாள் உடம்பு முழுக்கப் பரவி நினைவு தப்பிவிடும்.

லண்டன் க்வீன் ஸ்கொயரில், பக்கவாதக்காரர்களுக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் என்றே ஏற்பட்ட மருத்துவமனையில் 1862இல் சேர்ந்த ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன், இப்படிப்பட்ட அரைகுறை வலிப்புகளைத்தான் தேடித்தேடிப் பார்த்தார். உடம்பெல்லாம் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பே அன்றைய மருத்துவர்களுக்கு உண்மையான வலிப்பு. ஒரு கையோடு நின்றுவிடுவது அதன் உதிரி. ஜாக்சன் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். பெரிய வலிப்பில் எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதால் எதையும் பிரித்தறிய முடியாது, சின்ன வலிப்பிலோ ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருக்கிறது என்று அவர் கண்டார். எங்கே தொடங்கியது, அங்கிருந்து எந்த வரிசையில் நகர்ந்தது என்ற இரண்டு கேள்விகளை விடாமல் கேட்டுவந்தார்.

பாரிஸில் ப்ராவே என்ற மருத்துவ மாணவர் 1827இலேயே ஒரு பக்க வலிப்புகளைத் தன் ஆய்வேட்டில் விவரித்திருந்தார். விவரித்ததோடு சரி. வலிப்பு நகரும் பாதை வெறும் விவரம் அல்ல, மூளைக்குள் இருக்கும் ஓர் ஒழுங்கின் நிழல் என்று முதலில் சொன்னவர் ஜாக்சன். கட்டைவிரலுக்கும் வாயோரத்துக்கும் உடம்பில் ஒரு முழத்துக்கு மேல் தூரம். ஆனால் வலிப்பு விரலிலிருந்து முகத்துக்கு எளிதாகத் தாவுகிறது. அப்படியானால் மூளையில் இவை இரண்டும் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்க வேண்டும். வலிப்பு பெரும்பாலும் மூன்று இடங்களில் தொடங்குவதையும் அவர் கவனித்தார்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், முகத்தின் ஒரு பக்கம், பாதம். நாம் அதிகம் பழக்கிய, நுட்பமான வேலைக்குப் பயன்படுத்துகிற உறுப்புகள் இவை. பழக்கம் மிகுந்த உறுப்புக்கு மூளையில் இடமும் மிகுதி, எனவே கோளாறு நேர வாய்ப்பும் மிகுதி என்பது அவருடைய கணக்கு.

அந்தக் காலத்தில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். பறவைகளின் மூளையைத் துண்டு துண்டாக நீக்கிப் பார்த்த ஃப்ளூரான், பெருமூளை முழுவதும் ஒன்றாகவே வேலை செய்கிறது, அதில் தனித்தனி அறைகள் இல்லை என்று முடிவு கட்டியிருந்தார். மண்டை மேட்டைத் தடவிக் குணம் சொல்லும் ஃப்ரெனாலஜிக்காரர்கள், மூளையில் இடம் பிரிப்பதையே கேலிக்குரியதாக்கி வைத்திருந்தார்கள். 1861இல் ப்ரோக்கா பேச்சுக்கு ஓர் இடம் காட்டினார். கைகால் அசைவுக்குப் பெருமூளையின் புறணியில் இடம் உண்டு என்பதற்கோ சோதனைச் சாட்சி எதுவும் இல்லை. ஜாக்சனிடம் மின்கருவி இல்லை, ஆய்வகம் இல்லை. வார்டில் துடித்துக்கொண்டிருந்த விரல்கள்தான் இருந்தன.

*

சாட்சி 1870இல் பெர்லினிலிருந்து வந்தது. ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இருவர், ஆய்வகம் கிடைக்காததால் ஹிட்ஸிக்கின் வீட்டிலேயே நாய்களின் மூளைப் புறணியில் மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். ஓரிடத்தில் தொட்டால் எதிர்ப்பக்க முன்கால் அசைந்தது, வேறிடத்தில் தொட்டால் பின்கால், இன்னோரிடத்தில் முகம். இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியர், 1873இல், வேக்ஃபீல்டில் இருந்த மனநோய் விடுதியின் ஆய்வகத்தில் இதே சோதனைகளைத் தொடங்கினார். பிறகு குரங்குகளின் மூளையை இன்னும் நுணுக்கமாக வரைந்தார். ஜாக்சன் வார்டில் ஊகித்தது சரியா என்று பார்ப்பதே தன் நோக்கம் என்று அவர் மறைக்காமல் எழுதினார். மின்சாரத்தைச் சற்று அதிகம் செலுத்தினால் விலங்குக்கும் அதே வலிப்பு வந்தது, அதே வரிசையில் நகர்ந்தது.

1873இல் ஜாக்சன் வலிப்புக்கு ஒரு வரையறை கொடுத்தார். மூளையின் சாம்பல்நிறப் பகுதியின் ஓரிடத்தில் எப்போதாவது, திடீரென்று, அளவுக்கு மீறி, வேகமாக நேரும் வெளியேற்றமே வலிப்பு என்பது அதன் சாரம். மூளையின் மின்னலைகளை மனிதரில் பதிவு செய்ததாக ஹான்ஸ் பெர்கர் அறிவிக்க இன்னும் 56 ஆண்டுகள் இருந்தன. அதற்குள்ளாகவே ஒருவர் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டார்.

இது ஏட்டோடு நிற்கவில்லை. 1884 நவம்பரில் லண்டனில் பென்னட் என்ற மருத்துவர், ரிக்மன் காட்லி என்ற அறுவை மருத்துவர் இருவரிடமும் ஓர் இளைஞர் வந்தார். முகத்தின் இடப்பக்கத் துடிப்பில் தொடங்கிய நோய், நாளடைவில் இடது கையைச் செயலிழக்கச் செய்திருந்தது. மண்டைக்கு வெளியே காயமோ வீக்கமோ ஏதுமில்லை. உள்ளே பார்க்க எக்ஸ்ரேகூடக் கிடையாது, ரான்ட்கன் அதைக் கண்டுபிடித்தது 1895இல்தான். துடித்த உறுப்புகளின் வரிசையை ஃபெரியரின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, வலப்பக்க மண்டையில் இன்ன இடம் என்று குறித்துத் திறந்தார்கள். கட்டி அங்கேயே இருந்தது. நோயாளி சுமார் ஒரு மாதத்தில் கிருமித் தொற்றால் இறந்தார். இடம் தப்பவில்லை, ஆள் தப்பவில்லை. 1886 மே மாதம் விக்டர் ஹார்ஸ்லி, சிறுவயதில் வண்டி மோதித் தலையில் அடிபட்டு வலிப்பு வந்த ஓர் இளைஞருக்கு க்வீன் ஸ்கொயரில் அறுவை செய்து மூளையின் தழும்பை அகற்றினார். அவர் பிழைத்தார். ஜாக்சனும் ஃபெரியரும் அன்று அறுவை அறையில் நின்றிருந்தார்கள்.

*

வலிப்பு வரும்போது மருத்துவர் பக்கத்தில் இருப்பது அபூர்வம். வந்தவருக்கோ பெரும்பாலும் நினைவிருக்காது. தன் உடம்பில் நடந்ததை அறிய அவர் பிறரைத்தான் கேட்க வேண்டும். ஆகவே இந்த மருத்துவம் அன்றும் இன்றும் மூன்றாம் மனிதரின் சாட்சியத்தை நம்பி நடக்கிறது. தாய், மனைவி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வகுப்புத் தோழன்.

ஒரு நியூராலஜி ஓ.பி.யில் கேட்ட உரையாடல் இது.

“விழறதுக்கு முன்னாடி என்னம்மா செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல சார். சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். கண்ணு மேல சொருகிடுச்சு. வாயில நுரை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு.”

“அது அப்புறம். அதுக்கு முன்னாடி? சோறு பெசஞ்ச கை என்ன பண்ணுச்சு?”

அந்த அம்மா யோசித்தார். “கை அப்படியே நின்னுச்சு சார். என்னடா பாக்குறன்னு கேட்டேன். பதில் இல்ல. தலை மெதுவா இந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு.” தன் தலையை வலப்பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நீங்க அவனுக்கு எதுக்கவா உக்காந்திருந்தீங்க?”

“ஆமா சார்.”

மருத்துவர் நாற்காலியை நகர்த்தி அவர் எதிரே உட்கார்ந்தார். “நான்தான் உங்க பையன். என் தலையைத் திருப்பி விடுங்க.” தயங்கித் தயங்கி அவர் மருத்துவரின் தாடையில் கை வைத்து இடப்பக்கம் திருப்பினார். மருத்துவர் சீட்டில் இடது என்று எழுதினார்.

அந்த அம்மா முதலில் சொன்னது பொய்யில்லை. நம் எல்லோருக்கும் அப்படித்தான் நினைவிருக்கும். கண் செருகுவது, நுரை, வெட்டி இழுப்பது எல்லாம் முடிவு. முடிவில் எல்லா வலிப்பும் ஒன்றுபோல இருக்கும், மூளையின் எந்த மூலையில் தொடங்கியிருந்தாலும். வேறுபாடு இருப்பது தொடக்கத்தில், அந்த முதல் ஐந்து பத்து வினாடிகளில். அப்போதுதான் பார்ப்பவர் இன்னும் எதையும் பார்க்கத் தொடங்கியிருக்க மாட்டார். பையன் ஏதோ யோசனையில் இருக்கிறான் என்று நினைத்திருப்பார். அச்சம் வந்த பிறகுதான் கவனம் வருகிறது, அச்சம் வருவதற்குள் தகவல் போய்விடுகிறது.

நம் பக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஒருவருக்கு வலிப்பு வந்ததும் சுற்றி நிற்பவர்கள் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார்கள். கையில் இரும்பைத் திணித்தால் நிற்கும் என்பது நம்பிக்கை. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கும். சாவி கிடைத்து, விரலைப் பிரித்து, உள்ளே வைத்து அழுத்த ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. எனவே ஒவ்வொரு முறையும் சாவி ஜெயிக்கிறது. அதனால் பெரிய கெடுதல் இல்லை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தக் கை எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தனவா, விறைத்து நீண்டிருந்தனவா, மணிக்கட்டு முறுக்கியிருந்ததா என்பதைப் பார்த்திருக்க வேண்டிய கண்கள் சாவியைத் தேடிப் போய்விட்டன. பார்க்க வேண்டிய கை இரும்பைச் சுற்றி மூடிவிட்டது.

*

இப்போது கேமரா வந்துவிட்டது. வலிப்பு வார்டில் நோயாளியின் தலையில் கம்பிகளை ஒட்டி, படுக்கைக்கு எதிரே கேமராவை வைத்து, நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். வீடியோ இ.இ.ஜி. என்று பெயர். வலிப்பு வந்தால் நர்ஸ் ஓடிவந்து போர்வையை விலக்குவார், கைகால் தெரிய வேண்டும். பெயர் கேட்பார். ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்.

அப்படிப்பட்ட பதிவு ஒன்றை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நடுத்தர வயதுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பதுபோல நெஞ்சில் கை வைக்கிறார், அழைப்பு மணியை அழுத்துகிறார். முகம் வெறுமையாகிறது. எச்சில் விழுங்குகிறார், வாயைச் சப்புக்கொட்டுகிறார். வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துக் கசக்குகிறது, விடுகிறது, மீண்டும் பிடிக்கிறது. இடது கை அசைவில்லாமல் கிடக்கிறது. பிறகு அதன் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் கோணலாக விறைத்து, முன்கை உள்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. நர்ஸ் பெயர் கேட்கிறார். “ம்... சொல்றேன்” என்கிறார், சொல்லவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. முகம் தெளிகிறது. வலது கை உயர்ந்து மூக்கைத் துடைத்துக்கொள்கிறது.

பழகாத கண்ணுக்கு வலது கைதான் நோய்ப்பட்ட கை, போர்வையைக் கசக்கியது அதுதானே? உண்மையில் அது சும்மா இருந்ததால் அசைந்த கை. முறுக்கிக்கொண்ட இடது கையில்தான் வலிப்பின் பிடி இறங்கியிருக்கிறது. மூளையின் வலப்பாதி உடம்பின் இடப்பாதியை ஆள்வதால், வலிப்பு வலப்பக்கத்தில் தொடங்கியிருக்கலாம். வயிற்றிலிருந்து ஏறும் உணர்வும் சப்புக்கொட்டுதலும் காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் பொட்டுமடலின் உட்பகுதியைக் காட்டுகின்றன. வலிப்பின் நடுவிலும் பேச்சு வந்தது, அப்படியென்றால் பேச்சு குடியிருக்கும் பாதியில், பெரும்பாலானவர்களுக்கு அது இடப்பாதி, வலிப்பு இன்னும் போய்ச்சேரவில்லை. முடிந்ததும் மூக்கைத் துடைத்தது வலது கை. வலிப்பு தொடங்கிய பக்கத்துக் கையே பெரும்பாலும் மூக்கைத் துடைக்கிறது, மறுகை சற்று நேரம் தளர்ந்தோ கவனிப்பாரற்றோ கிடப்பதால் என்று கருதுகிறார்கள்.

மூக்கைத் துடைப்பது! எத்தனை மனைவிமார் அதைப் பார்த்து, அப்பாடா தெளிந்துவிட்டார் என்று மூச்சு விட்டிருப்பார்கள். எந்தக் கை என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்தக் குறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைக்க மருத்துவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆயிரக்கணக்கான பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அறுவைக்குப் பின் வலிப்பு நின்றவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சேர்த்தவை அவை. உடம்பு முழுக்க இழுக்கும் முன் ஒரு கை நீட்டியும் மறுகை மடங்கியும் நான்கு என்ற எண்ணைப்போல நிற்குமானால், நீட்டிய கைக்கு எதிர்ப்பக்க மூளை. கட்டாயமாக இழுத்துத் திருப்பப்பட்டதுபோலத் தலை திரும்பினால், திரும்பிய திசைக்கு எதிர்ப்பக்கம். ஆனால் பொட்டுமடல் வலிப்பில், தொடக்கத்தில் தலை இயல்பாக, மெல்லத் திரும்புவது நோயுள்ள பக்கமாகவே இருக்கலாம். ஒரே தலை, ஒரே வலிப்பு, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். இரண்டுக்கும் பொருள் வேறு. எந்த அசைவும் தனியாக நின்று சாட்சி சொல்வதில்லை. எதற்குப் பின் எது வந்தது என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது.

*

இவ்வளவு சொன்ன பிறகு, ஜாக்சன் காலத்து நம்பிக்கையில் ஒரு பிடியைத் தளர்த்த வேண்டியிருக்கிறது. ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது, சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. நீர் எங்கோ புகுந்து, சட்டத்தோடு ஓடி, தோதான இடம் பார்த்துச் சொட்டும். வலிப்பும் அப்படித்தான். மூளையில் பேசாத பகுதிகள் நிறைய உண்டு. அங்கே வலிப்பு தொடங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. பேசும் பகுதியை வந்தடையும்போதுதான் கை அசையும், தலை திரும்பும். பிடரியிலோ உச்சியிலோ தொடங்கியது பொட்டுமடலுக்கு ஓடிவந்து, அங்கிருந்து சப்புக்கொட்டலாம். அறிகுறியைத் தோற்றுவிக்கும் இடம் ஒன்று, வலிப்பைத் தோற்றுவிக்கும் இடம் இன்னொன்று என்று இன்றைய நரம்பியல் இவற்றைத் தனித்தனியாகவே கணக்கிடுகிறது. உடம்பு பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது தனக்குச் செய்தி வந்துசேர்ந்த இடத்தை.

நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலின் வலிப்புகள் இதில் ஆளையே ஏமாற்றுபவை. நள்ளிரவில் தூக்கத்திலிருந்து திடுக்கென எழுவார், கத்துவார், சைக்கிள் மிதிப்பதுபோலக் காலை உதைப்பார், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுவார். அரை நிமிடத்தில் முடிந்துவிடும், உடனே தெளிந்தும்விடுவார். தலைமேல் ஒட்டிய கம்பிகளில் தசைகளின் இரைச்சலைத் தவிர ஒன்றும் பதிவாகாமல் போவது உண்டு. பேய் என்றார்கள், நடிப்பு என்றார்கள், மனக்கோளாறு என்றார்கள். 1981இல் இத்தாலியின் பொலோன்யாவில் லுகாரேஸியும் உடன் பணியாற்றியவரும் இதை எழுதியபோது, இது வலிப்பா அல்லது தூக்கத்தில் வரும் புதியதொரு நோயா என்று கேள்விக்குறியோடுதான் எழுதினார்கள். வலிப்புதான் என்று பிறகு தெளிவானது. 1995இல் அதன் குடும்ப வகை ஒன்றுக்குக் காரணமான மரபணுவும் கண்டறியப்பட்டது. பேயோட்டியவர்கள் பார்த்ததும் அந்த ஆட்டத்தைத்தான், மருத்துவர்கள் பார்த்ததும் அதைத்தான். ஒவ்வொரு இரவும் அது அச்சு மாறாமல் அதே வரிசையில் வருகிறதா என்று கேட்டதுதான் வேறுபாடு. நடிப்பவருக்கு அவ்வளவு துல்லியம் கைவராது.

இன்னொன்று சிரிப்பு. மூளையின் அடித்தளத்தில் ஹைபோதாலமஸை ஒட்டி, பிறவியிலேயே அமைந்த ஒரு சிறு திசுமுடிச்சு சில குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறது. நாளில் பலமுறை, காரணமில்லாமல், ஒரே மாதிரி, மகிழ்ச்சியே இல்லாமல். கைக்குழந்தையாக இருந்தால் வீட்டில் எல்லோரும் கொஞ்சி மகிழ்வார்கள். அது வலிப்பு என்று தெரிய வருடங்கள் ஆகலாம். கை துடித்தால் நோய் என்று உடனே ஒப்புக்கொள்கிறோம், சிரித்தால் ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. சிரிப்பு உள்ளிருக்கும் ஒருவருடையது என்று அவ்வளவு உறுதியாக நம்புகிறோம்.

*

தன்னால் நடப்பது, தான் செய்வது என்று அசைவுகளை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இந்த வேலிக்கு மேலே நடந்துபோன ஒருவரைப் பற்றி ஜாக்சன் 1888இல் எழுதினார். பெயரை மறைத்து ‘டாக்டர் இசட்’ என்று குறிப்பிட்டார். ஆர்தர் மையர்ஸ் என்ற லண்டன் மருத்துவர்தான் அவர் என்று பின்னாளில் அடையாளம் கண்டார்கள். நடப்பதெல்லாம் முன்பே நடந்ததுபோன்ற ஒரு நினைவுமயக்கம் அவருக்கு அடிக்கடி வரும். ஒருநாள் மூச்சுக்கோளாறோடு வந்த ஒரு நோயாளியைச் சோதிக்க ஸ்டெதஸ்கோப்பை எடுக்கும்போது வலிப்பின் முன்னறிகுறி தெரிந்தது. அடுத்து அவருக்கு நினைவுக்கு வருவது, மேஜையின் முன் உட்கார்ந்து வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தது. நோயாளி என்ன ஆனார் என்று விசாரித்தார். இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா என்று அவர் கையெழுத்திலேயே குறிப்பு இருந்தது. நோயாளியைப் படுக்கைக்கும் அனுப்பியிருந்தார். ஆர்வத்தால் மறுபடி சோதித்துப் பார்த்தார். தன்னை மறந்த மருத்துவர் எழுதியதும் நினைவோடு இருந்த மருத்துவர் கண்டதும் ஒன்றே.

மையர்ஸ் 1894இல் இறந்தார். பிரேதப் பரிசோதனையில், இடது பொட்டுமடலின் உள்விளிம்பில் மிகச் சிறிய சிதைவு ஒன்றைக் கண்டார் கோல்மன் என்ற மருத்துவர். அவரும் ஜாக்சனும் சேர்ந்து 1898இல் அதை வெளியிட்டார்கள். வலிப்பின்போது மையர்ஸ் நாக்கைச் சுவைப்பதுபோல அசைத்தார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ருசிக்கும் மணத்துக்கும் உரிய பகுதியை ஒட்டியே சிதைவு இருந்தது. பழைய நினைவுகள் பொங்கிவந்தது, நாக்கு அசைந்தது, நிமோனியாவைக் கண்டுபிடித்தது மூன்றும் ஒரே மனிதரின் ஒரே சில நிமிடங்கள். எதை அவர் செய்தார், எது அவரைச் செய்தது?

மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகளை விழிப்போடு வைத்தே மூளையைத் திறந்து, மின்முனையால் தொட்டுத் தொட்டு, எண்ணிட்ட சிறு சீட்டுகளைப் புறணியின் மேல் வைத்துக்கொண்டு போனார். 1937இல் அவரும் உடன் பணியாற்றிய போல்ட்ரேயும் வெளியிட்ட, பெரிய கட்டைவிரலும் பெரிய உதடுகளும் கொண்ட உருவத்தை உயிரியல் படித்தவர்கள் பாடநூலில் பார்த்திருப்பார்கள். ஜாக்சன் கணக்குப் போட்ட ‘பழக்கம் மிகுந்த உறுப்பு’களே அதில் பெரிதாக வீங்கியிருக்கின்றன. மின்முனை பட்டுக் கை உயரும்போது நோயாளிகள், அதைச் செய்தது நானில்லை, நீங்கள் என்றே சொன்னார்கள் என்று பென்ஃபீல்ட் முதுமையில் எழுதினார். நான் அசைத்தேன் என்று சொல்லவைக்கும் ஓர் இடத்தை அவரால் தொட முடியவில்லை. மனம் மூளைக்கு அப்பாற்பட்டது என்ற பக்கம் சாய இதை ஒரு காரணமாக வைத்தார். அந்த முடிவை ஏற்காதவர்கள் உண்டு. எனக்குப் படுவது இதைவிடச் சிறியது. அந்த நோயாளி எவ்வளவு விரைவாகத் தன் கையைத் தன்னிடமிருந்து விலக்கி வைத்துவிட்டார்! வலிப்பு நோயாளிக்கு அந்த வசதி இல்லை. அவர் கை உயரும்போது அதைச் செய்த ‘நீங்கள்’ என்று காட்ட எதிரே எவரும் இல்லை. ஊரும் அவரையே பார்க்கிறது.

*

இடம் அறிவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 1953 ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், ஹென்றி மோலேசன் என்ற 27 வயதுக்காரருக்கு, வலிப்பு இன்ன இடத்தில் தொடங்குகிறது என்று நிறுவப்படாத நிலையிலேயே, இரு பக்கப் பொட்டுமடல்களின் உட்பகுதியையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை மோலேசனுக்குப் புதிய நினைவு எதுவும் நிலைக்கவில்லை. அவரால் நினைவாற்றலைப் பற்றிய அறிவியல் வளர்ந்தது. அவருக்கு மிஞ்சியது நிகழ்காலம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1952இல், வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் வலிப்பு அறுவையைச் செய்தார். பென்ஃபீல்டிடம் மான்ட்ரியலில் பயின்று வந்து, 1949இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை அங்கே தொடங்கியவர் அவர். க்வீன் ஸ்கொயரில் விரலை உற்றுப் பார்த்த பழக்கம், மான்ட்ரியல் வழியாக வேலூருக்கு வந்துசேர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இன்று எம்.ஆர்.ஐ. இருக்கிறது, வேறு பல படங்களும் இருக்கின்றன. பிறகு எதற்கு இந்தக் கையையும் மூக்கையும் பார்த்துக்கொண்டு என்று கேட்கலாம். மருந்துக்கு அடங்காத வலிப்புள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு எம்.ஆர்.ஐ.யில் ஒன்றுமே தெரிவதில்லை. அப்போது மூளைக்குள்ளேயே மெல்லிய மின்முனைகளை இறக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. பாரிஸ் சான்ட்-ஆன் மருத்துவமனையில் தலைராக்கும் பாங்கோவும் 1950களின் பிற்பகுதியிலிருந்து உருவாக்கிய முறை அது. அந்த மின்முனை தான் இறங்கிய இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்தையே நன்றாகக் கேட்கும், அதற்கு அப்பால் செவிடு. மூளை முழுக்கக் குத்திப் பார்க்க முடியாது. ஆகவே எங்கே இறக்குவது என்பதை இறக்குவதற்கு முன்பே ஊகித்தாக வேண்டும். பாங்கோ வகுத்துத் தந்த வழி, வலிப்பின் முதல் வினாடியிலிருந்து உடம்பு செய்ததை வரிசையாக எழுதி, அந்த வரிசைக்குப் பொருந்தும் பாதையை மூளைக்குள் தேடுவது. ஊகம் தவறினால் அத்தனை கருவியும் பக்கத்துத் தெருவில் காது வைத்துக் கேட்டதாக முடியும்.

அந்த ஊகத்தின் முதல் வரி வார்டில் எழுதப்படுவதற்கு முன்னால் வீட்டில் எழுதப்படுகிறது. ஒருவருக்கு வலிப்பு வரும்போது நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இவற்றைச் செய்த பிறகும் கையில் நேரம் மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அவரைப் பார்க்கலாம். முதலில் எந்தக் கை, தலை எந்தப் பக்கம், கேட்டதற்குப் பதில் வந்ததா, தெளிந்ததும் எந்தக் கை தூங்கிக் கிடந்தது என்று பார்க்கலாம். அவர் தன்னைப் பார்க்க முடியாத ஒரு நிமிடம் அது. அந்த ஒரு நிமிடத்தின் சாட்சியாக அவருக்கு நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை. நாம் சொல்லப்போகும் அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுதான், எங்கோ ஒரு மருத்துவர் அவர் மண்டையில் எங்கே துளையிடுவது என்று யோசிக்கத் தொடங்குவார்.